மும்பையில் விமானம் மாறுகிறவர்களுக்கு: நடுவில் கிடைக்கும் எட்டு மணி நேரம்

ஆரணி வியாபாரி விமானம் ஏறுவது இப்போது அதிசயமான செய்தி அல்ல. ஜரிகைக்காக சூரத் போகிற பட்டுச் சேலை உற்பத்தியாளர், சீரகச் சந்தை பார்க்க குஜராத்தின் உஞ்ஜாவுக்குப் போகிற மளிகை மொத்த வியாபாரி, மகன் வேலை பார்க்கும் ஊருக்குப் போகிற பெரியவர் எனப் பலரும் மீனம்பாக்கத்தில் ஏறி, மும்பையில் இறங்கி, அங்கிருந்து வேறு விமானம் பிடிக்கிறார்கள். நேர் விமானத்தைவிடச் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்பதற்காகவே இப்படி மாறிப் போகிறவர்களும் உண்டு. நடுவில் கிடைக்கும் ஆறு மணி, எட்டு மணி நேரத்தைச் சிலர் விமான நிலைய நாற்காலியில் தூங்கிக் கழிக்கிறார்கள். சிலர் துணிச்சலாக வெளியே போய், அடுத்த விமானத்தை விட்டுவிட்டு நிற்கிறார்கள். இரண்டுமே வியாபாரிக்கு நஷ்டம்தான்.

இப்போது இதில் ஒரு புதிய சிக்கலும், அதே சிக்கலில் ஒரு புதிய வசதியும் சேர்ந்திருக்கின்றன. மும்பைக்கு இன்று விமான நிலையம் இரண்டு. பழையது சத்ரபதி சிவாஜி மகராஜ் விமான நிலையம். சான்டாகுரூஸ் பக்கம் முதல் முனையம், சஹார் பக்கம் இரண்டாம் முனையம் என அதிலேயே இரண்டு வாசல்கள். புதியது நவி மும்பை விமான நிலையம். 2025 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 25 முதல் பயணிகள் விமானங்கள் ஓடத் தொடங்கின. இது பன்வெல், உல்வே பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாலை வழியில் ஏறக்குறைய 35 முதல் 40 கிலோமீட்டர். நமது ஊர்க் கணக்கில் சொன்னால், ஆரணியிலிருந்து வேலூர் போகிற அளவு தூரம். ஆனால் வேலூர் சாலை வேறு, மும்பை சாலை வேறு.

டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் "மும்பை" என்று பெரிய எழுத்தில் இருக்கும். எந்த மும்பை என்பது மூன்றெழுத்துக் குறியீட்டில்தான் தெரியும். பழைய நிலையத்துக்கு பி.ஓ.எம்., புதிய நிலையத்துக்கு என்.எம்.ஐ. டிக்கெட்டை ஏஜெண்டிடமோ பிள்ளைகளிடமோ சொல்லி எடுக்கிறவர்கள், குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி எடுத்துவிடுவது சுலபம்.

வசதி என்று சொன்னது இதுதான். சஹாரிலிருந்து புதிய விமான நிலையத்துக்குப் போகிற வழியில், பாதிக்கு மேல் தாண்டியதும் வாஷி வருகிறது. மளிகைக்காரர்களுக்கு வாஷியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மும்பையின் மொத்த வியாபாரம் முழுக்க ஒரு காலத்தில் மஸ்ஜித் பந்தர் சந்துகளில் நடந்தது. நகரத்துக்குள் லாரி நெருக்கடி தாங்காமல் அதை வளைகுடாவுக்கு அக்கரையில் கொண்டுபோய், ஏ.பி.எம்.சி. சந்தையாக அமைத்தார்கள். முதலில் வெங்காயம், உருளைக்கிழங்கு, பிறகு மசாலாவும் தானியமும், 1990-களில் காய்கறியும் பழமும் என்று படிப்படியாக அங்கே மாறின. வேலையற்ற எட்டு மணி நேரத்தில் ஒரு வியாபாரி பார்ப்பதற்கு இந்தியாவில் இதைவிட நல்ல இடம் குறைவு என்பது என் எண்ணம்.

எட்டு மணி எப்படி இரண்டரை ஆகிறது

ஆனால் முதலில் கணக்கு. நாம் சரக்கு விலையில் லாரி வாடகை, கூலி, சேதாரம் எல்லாம் கழித்துத்தான் லாபம் பார்க்கிறோம். நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்க்க வேண்டும்.

ஆரணியிலிருந்து இரவு 2 மணிக்குக் கார் எடுத்து, ஆற்காடு, வாலாஜா வழியாக மீனம்பாக்கம் சேர்ந்து, காலை ஏழரை மணி விமானத்தில் ஏறியதாக வைத்துக்கொள்வோம். ஒன்பதரைக்கு மும்பையில் இறங்குகிறார். அடுத்த விமானம் நவி மும்பையிலிருந்து மாலை ஐந்தரைக்கு. கையில் எட்டு மணி நேரம் இருப்பதாகத் தோன்றும்.

விமானம் தரையைத் தொட்டதிலிருந்து பெட்டி எடுத்து வாசலுக்கு வர முக்கால் மணி. மணி பத்தே கால். அங்கிருந்து வாஷி சந்தைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். சாலை காலியாக இருந்தால் குறையலாம், ஆனால் காலியாக இருக்கும் என்று எண்ணி யாரும் கணக்குப் போடக் கூடாது. மணி பதினொன்றே முக்கால். இனி மறுமுனையிலிருந்து பின்னோக்கி வருவோம். ஐந்தரை மணி விமானத்துக்கு மூன்றரைக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். பெட்டி போடும் கவுண்டரை உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை. வாஷியிலிருந்து புதிய நிலையத்துக்கு ஒன்றே கால் மணி நேரம். ஆக இரண்டே காலுக்கு வாஷியை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

பதினொன்றே முக்காலுக்கும் இரண்டே காலுக்கும் நடுவில் இருப்பது இரண்டரை மணி நேரம். எட்டில் இவ்வளவுதான் நம்முடையது. சென்னையிலேயே விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றரை. அதே கணக்கில் நடுவில் ஆறு மணி நேரம்தான் என்றால் சந்தைக்குக் கிடைப்பது அரை மணி. அதற்காக அலைய வேண்டியதில்லை. நேராக அடுத்த நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவது நல்லது. ஐந்து மணி நேரம் என்றால் நிலையம் மாறுவதே நெருக்கடி. அந்த டிக்கெட்டை எடுக்கவே கூடாது.

இந்தக் கணக்கை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு விமானமும் ஒரே பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது அடுத்த ஏற்பாடு செய்யும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும். தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட் என்றால், அது சட்டப்படி இரண்டு தனிப் பயணம். இரண்டாவது விமானத்துக்காரரைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். டிக்கெட் பணத்தில் வரி, கட்டணம் போன்ற சிறு பகுதி மட்டும் திரும்பும், மீதி போனதுதான். அன்றே புது டிக்கெட் எடுக்கும்போது விலை மூன்று மடங்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை. மிச்சம் பிடித்த சில ஆயிரத்தைப் போல இரண்டு பங்கு அங்கேயே கரையும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி நாடெங்கும் பயணிகள் தவித்தது நினைவிருக்கும். அப்போது ரத்தான டிக்கெட்டின் பணம் திரும்பக் கிடைத்தது. அதை நம்பித் தனியாக எடுத்திருந்த அடுத்த டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம் பெட்டி. ஒரே நிலையத்துக்குள், ஒரே பதிவில் மாறினால் பெட்டியை அவர்களே மாற்றி ஏற்றுவார்கள். நிலையம் மாறினால் அப்படி இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, சந்தைக்குள்ளும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆகவே இப்படிப்பட்ட பயணத்தில் 7 கிலோவுக்குள் அடங்கும் ஒரே கைப்பைதான் சரி. கைப்பை மட்டும் என்றால் வெப் செக்-இன் செய்துகொண்டு கவுண்டர் பக்கமே போகாமல் உள்ளே நுழையலாம். அவசரத்தில் அந்த அரை மணி நேரம் பெரிய உதவி.

வாஷியில் எதைப் பார்ப்பது

டாக்சிக்காரரிடம் ஏ.பி.எம்.சி. என்று மட்டும் சொன்னால் போதாது. அது ஒரே கட்டிடமல்ல. வெங்காயம்-உருளை, மசாலா, தானியம், காய்கறி, பழம் என ஐந்து தனித்தனி வளாகங்கள். மசாலா மார்க்கெட் அல்லது தானா மார்க்கெட் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காய்கறியும் பழமும் விடியற்காலையிலேயே முடிகிற வியாபாரம். மசாலாவும் தானியமும் காலை பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். மேலே சொன்ன கணக்கில் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேருவது பொருத்தமான நேரமே. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்று போனால் பூட்டிய ஷட்டரைத்தான் பார்க்க முடியும்.

இரண்டரை மணியில் ஐந்து சரக்கு விசாரிக்க ஆசைப்படக் கூடாது. ஒரு சரக்கு, மிஞ்சினால் இரண்டு. எது என்பதை ஆரணியிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். மிளகாய்க்கு நமக்கு குண்டூர் இருக்கிறது, மஞ்சளுக்கு ஈரோடு இருக்கிறது. அவற்றை மும்பையில் போய் விசாரிப்பது திருப்பதிக்கே லட்டு வாங்கிப் போகிற மாதிரி. மும்பையில் பார்க்க வேண்டியது கடல் வழியாக வருகிற சரக்கு. அருகிலேயே நவ சேவா துறைமுகம் இருப்பதால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், பேரீச்சை, பிஸ்தா போன்ற இறக்குமதிச் சரக்கு பெரிய அளவில் இங்கேதான் வந்து கைமாறுகிறது. மகாராஷ்டிரத்துச் சரக்கில் சாங்கிலி, நாசிக் பக்கத்து உலர் திராட்சையும், லாத்தூர், அகோலா பக்கத்துத் துவரம் பருப்பும் பார்க்கத் தகுந்தவை.

சாம்பிள் தட்டில் கை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நமது கடைக்காரர்களுக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. இருந்தாலும் கிராம்பைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் எடுத்த கிராம்பைக் கலப்பது பழைய தந்திரம். மொட்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய்க் கசிவு தெரிய வேண்டும்; ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும் அல்லது செங்குத்தாக நிற்கும், சத்து போனது படுத்து மிதக்கும். தேநீர்க் கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்கு எந்தத் தரகரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே பதில். பட்டையிலும் அப்படியே. தடித்த, ஒற்றைச் சுருளாக வருகிற கேசியா வேறு, காகிதம் போல் மெல்லிய அடுக்காகச் சுருண்ட இலங்கைப் பட்டை வேறு, விலையும் வேறு. எதற்கு விலை சொல்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலை பெரும்பாலும் குவிண்டால் கணக்கில் சொல்லப்படும். கிலோவாக மாற்றி, அதில் தரகு, மூட்டை ஏற்று கூலி, வரி சேர்ந்ததா சேராததா என்று கேட்டு, அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பருப்பில் மூட்டை அளவைக் கேட்க மறக்க வேண்டாம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோவுக்கு உட்பட்ட, லேபிள் ஒட்டிய பருப்பு, அரிசிப் பைகளுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதனால்தான் 26 கிலோ, 30 கிலோ மூட்டைகள் அதிகம் நடமாடுகின்றன.

முதல் சந்திப்பிலேயே அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டரை மணி நேரத்தில் வியாபாரம் முடிப்பதல்ல நோக்கம். ஆளைப் பார்த்து, கடையைப் பார்த்து, கார்டு வாங்கி வருவதே போதும். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கைபேசியில் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் கடைப் பெயர், முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். பிறகு ஊரிலிருந்து போனில் ஆர்டர் சொல்லி, வங்கி மூலம் பணம் அனுப்பிக்கொள்ளலாம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டி வரும்போது இ-வே பில் இல்லாமல் லாரி ஏற்றக் கூடாது. பார்சல் எந்த ஊர்க் கொடவுனில் இறங்கும், அங்கிருந்து ஆரணிக்கு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். கட்டுக்கட்டாக ரொக்கம் எடுத்துப் போவதும் பயனற்றது. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு வழியிலேயே செம்பூர் வருகிறது. நம்மவர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. இட்லியும் காபியும் கிடைக்காத குறையே இல்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டால் அரை மணி போகும். பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டால் வண்டியிலேயே முடிந்துவிடும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, சான்டாகுரூஸ்-செம்பூர் இணைப்புச் சாலை வழியாகப் போய் வாஷி பாலத்தைத் தாண்டுவதுதான் நம் வழி. 2024 அக்டோபரிலிருந்து கார்களுக்கு வாஷி சுங்கச் சாவடியில் கட்டணம் கிடையாது. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது என்ற 21.8 கிலோமீட்டர் கடல் பாலத்தைப் பற்றி டாக்சிக்காரர் பெருமையாகச் சொல்லக்கூடும். பார்க்க வேண்டிய பாலம்தான். ஆனால் அது தென் மும்பையின் சிவ்ரியிலிருந்து புறப்படுகிறது, சுங்கமும் உண்டு, வாஷிப் பக்கமே போகாது. மின்சார ரயிலில் வாஷி போக முடியும் என்றாலும் காலை நெரிசலில் பையோடு ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறங்குவதும் ஏறுவதும் பழைய நிலையத்திலேயே என்றால் வாஷியை விட்டுவிடலாம். ஜவுளிக்காரர்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. மும்பையின் மூன்றாம் மெட்ரோ பாதை 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. இரண்டு முனையங்களுக்கும் அதில் நிலத்தடி நிலையங்கள் உண்டு. அதே ரயிலில் காலபாதேவி நிலையம் வரை போகலாம்; ஏறக்குறைய முக்கால் மணி. மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்டும் மங்கள்தாஸ் மார்க்கெட்டும் அந்தப் பகுதியில்தான். மும்பையில் என்ன நிறம், என்ன கரை ஓடுகிறது என்பதை இரண்டு மணி நேரம் நடந்து பார்த்தாலே ஆரணித் தறிக்கு உதவும் விவரம் கிடைக்கும். சாலை நெரிசல் இல்லாததால் திரும்பும் நேரத்தையும் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. சூரத் போகிறவர்களுக்கு மட்டும் வேறு யோசனை. மும்பையிலிருந்து சூரத் சுமார் 260 கிலோமீட்டர்தான். போரிவலியில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரம் போல; அதற்கு இன்னொரு விமானம் தேடுவது வீண்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தத் திட்டம் எதையும் நம்ப வேண்டாம். 2005 ஜூலை 26-ல் சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, விமான நிலையமும் சாலையும் ரயிலும் ஒருசேர நின்றன. அப்படிப்பட்ட மழை அபூர்வம்தான். ஆனால் சாதாரண மழைக்கே ஒன்றரை மணிப் பாதை மூன்று மணி ஆகிவிடும். மழைக்காலத்தில் நிலையம் மாறும் டிக்கெட்டையே தவிர்ப்பது உத்தமம்.

மற்ற ஊர்களிலும் இந்தக் கணக்கு பொருந்தும். டெல்லிக்கு இந்திரா காந்தி நிலையத்தோடு காஜியாபாத் பக்கம் ஹிண்டன் இருக்கிறது. கோவாவில் டபோலிம் இருக்க, 2023 ஜனவரி முதல் மோபாவும் இயங்குகிறது. வெளிநாட்டில் துபாய், பாங்காக், லண்டன் எல்லாவற்றிலும் இப்படித்தான். அங்கே நிலையம் மாற வேண்டுமானால் குடியேற்றப் பிரிவைக் கடந்து வெளியே வர வேண்டும். அதற்கு அந்த நாட்டின் நுழைவு அனுமதி விதிகள் முழுதாகப் பொருந்தும். 2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர்த் திட்டம் நிறைவேறினால் சென்னைக்கும் இரண்டு நிலையம் ஆகிவிடும். அப்போது நடுவில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கிற வடநாட்டுச் சேலை வியாபாரி காஞ்சிபுரத்தோடு திரும்பிவிடுவாரா, ஆரணி வரை வருவாரா என்பது நமது பட்டுக் கடைக்காரர்கள் யோசிக்க வேண்டிய சங்கதி.

கடைசியாக சாம்பிள் பொட்டலங்கள். மிளகாய்த் தூளைக் கைப்பையில் விட மாட்டார்கள். நெய், எண்ணெய், ஊறுகாய் எதுவானாலும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் தகராறுதான். முழுக் கொப்பரை தீப்பிடிக்கும் பொருள் என்ற பட்டியலில் இருப்பதால் பெட்டியிலும் ஏற்ற மாட்டார்கள். மூட்டை தைக்கும் ஊசி, சிறு கத்தி, கத்தரிக்கோல் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முழுக் கிராம்பு, பட்டை, ஏலக்காய், திராட்சை போன்ற உலர்ந்த சரக்கை ஐம்பது கிராம் அளவில் தனித்தனிப் பையில் கட்டி, மேலே கடைப் பெயரும் சொன்ன விலையும் தேதியும் எழுதிக் கொண்டுவரலாம். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது.